நாற்பத்தொன்று

பத்து நாளுக்கொரு முறை
லோட்வார் அலுவலகத்தில்
வானம் ஒரு கோப்பாக வந்து இறங்கும்.
மின்சாரம் இருந்தால் காலையில்.
இல்லாவிட்டால் ஜெனரேட்டர்க்காரன் வந்த பிறகு.
திறந்தால்
துர்கானா முழுவதும் கட்டம் கட்டமாக,
சிவப்பு, காவி, வெளிறிய மஞ்சள்.
கெரியோ ஆற்றோரம் மட்டும் கிளிப்பச்சை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்.
முப்பத்தைந்துக்குக் கீழே போனால்
நைரோபியில் பெட்டி திறக்கும்:
தண்ணீர் லாரி, தீவனம், கைபேசியில் பணம்.
கெரியோக் கரை, நாற்பத்தொன்று.

இதை நான் ஏசமாட்டேன்.
முந்தின வறட்சியில்
ஓர் ஆடு சாய்வதற்கும் ஆறு வாரம் முன்னால்
வாயைத் திறந்தது இதுதான்.
நாங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது
எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது
மண்ணின் நாக்கைப் பார்த்துவிட்டிருந்தது.
அன்றிலிருந்து அதன் சொல் எனக்கு வேதவாக்கு.

அதனால்தான்
ஆசெகோன் போன் செய்தபோது
"நாற்பத்தொன்று" என்றேன்,
நகையை உரசிப் பார்த்த அடகுக்கடைக்காரன் மாதிரி.

குழந்தைகளின் கையை அளப்பது அவள் வேலை.
ஒரு நாடா. அதிலும் மூன்று நிறம்.
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றி இழுத்தால்
சின்ன ஜன்னலில் ஒரு நிறம் வந்து நிற்கும்.
"எகுவாம், பையன், இரண்டு வயது,
பதினொன்று புள்ளி இரண்டு, சிவப்பு.
அவன் அக்கா, மஞ்சள்.
பக்கத்துக் குடிசை, சிவப்பு..."
பதினேழு பெயர் படித்தாள்.
ஒன்பது சிவப்பு.
"உன் பச்சை எங்கே இருக்கிறதென்று
வந்து காட்டிவிட்டுப் போ."

போனேன்.
பச்சை இருந்தது,
பொய் சொல்லவில்லை கோப்பு.
ஆற்றின் இரு கரையிலும், பழைய மேய்ச்சல் தடத்திலும்,
பள்ளிக்கூட மைதானத்தின் பாதியிலும்
சீமைக்கருவேலம்.
மதெங்கே என்று இங்கே அதற்குப் பெயர்.
மணலைத் தடுக்கட்டும் என்று யாரோ நட்டது.
வேலி பயிரை மேய்ந்து முடித்து
இப்போது ஆற்றையும் மேய்கிறது.

குனிந்து, பிறகு தவழ்ந்து
அதன் அடியில் போனோம்.
ஒரு புல் இல்லை.
உதிர்ந்த காய்கள்.
காயைத் தின்று பல்லைப் பறிகொடுத்த
ஓர் ஆட்டின் தாடை.
கொழுத்திருந்தது நிழல் மட்டும்.

முதுகில் முள் கிழிக்க உட்கார்ந்து
ஆசெகோன் கேட்டாள்:
"மேலே இருக்கானே உன் ஆளு,
அவனுக்குக் கண்ணு இருக்கு, சரி.
மென்னு பார்க்க வாய் இருக்கா?"

குறிப்புப் பத்தியில் எழுதி அனுப்பினேன்.
குறிப்புக்கு எண் கிடையாது என்றது நைரோபி.
"எண்தானே வேணும்" என்றாள்.
அவளும் இன்னும் மூன்று பெண்களும்
முள்ளின் விளிம்பு நெடுக நடந்தார்கள்.
ஐம்பது அடிக்கு ஒரு தரம்
போனில் ஒரு புள்ளி.
டயர்ச் செருப்பைத் துளைத்ததைப்
பல்லால் பிடுங்கித் துப்பிவிட்டு
அடுத்த புள்ளி.
நான்கு நாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

புள்ளிகளை இழுத்துச் சேர்த்தேன்.
கழுத்தை நீட்டிய ஆமை மாதிரி ஒரு வடிவம் வந்தது.
அதை வெட்டி வெளியே போட்டுவிட்டு
மிச்சத்தைக் கணக்குப் போடச் சொன்னேன்.
பத்தொன்பது.

பெட்டி திறக்க மேலும் பதினோரு நாள்.
அந்தப் பதினோரு நாளை
எந்தப் பத்தியிலும் நான் எழுதவில்லை.
ஆசெகோனின் நோட்டில் இருக்கிறது.
ஒன்பதில் இரண்டு பெயர்களுக்கு எதிரே
நிறம் குறிக்கப்படவில்லை.

லாரி வந்து மூன்றாம் வாரம்.
எகுவாம் நாடாவைக் கண்டதும்
தானே கையை நீட்டினான்.
பதினொன்று புள்ளி நான்கு.
"ஏறியிருக்கு" என்றேன்.
"சிவப்புதான்" என்றாள் அவள்,
நாடாவை உருவி உதறிவிட்டு
அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.